ஒரு ஆளுக்குச் சமையல்

நீங்க ஜன்னல் பக்கமே உக்காருங்க தம்பி. எனக்கு எந்தப் பக்கம்னாலும் ஒண்ணுதான், காத்து வந்தாச் சரி. தூத்துக்குடி வரைக்குமா? நல்லதாப் போச்சு, நானும் அங்கதான். இங்க திருச்சியில மக வீட்டுக்கு வந்துட்டுத் திரும்புதேன். எப்படியும் ஆறு மணி நேரம் ஆக்கிருவான். பேசிக்கிட்டே போனா தெரியாது. நீங்க பேச வேண்டாம், நான் பேசுதேன், நீங்க சும்மா உம் கொட்டுனாப் போதும். தூக்கம் வந்தாத் தூங்கிக்கிடுங்க.

எனக்கு என்ன வயசு இருக்கும், சொல்லுங்க பாப்போம். யோசிக்காமச் சொல்லுங்க. அம்பத்தஞ்சா? எல்லாரும் அதைத்தான் சொல்லுதாங்க. அறுபத்திநாலு முடிஞ்சிட்டு தம்பி. போன மாசம் முடிஞ்சுது. அந்தா மேல இருக்க பையை நானேதான் தூக்கி வச்சேன், பாத்தீங்கள்ல? ஆறு வருஷத்துக்கு முன்னால ரெண்டு படி ஏறுனா நின்னு மூச்சு வாங்குவேன். எம்பத்திநாலு கிலோ இருந்தேன். இப்ப அறுபத்தியாறு. பிரஷர், சுகர், கொழுப்பு, எதை வேணும்னாலும் கேளுங்க, கடைசியா எடுத்த ரிசல்ட்டு போன்ல இருக்கு, காட்டுதேன். மாத்திரை நாலு இருந்தது ஒண்ணாயிட்டு. டாக்டர்தான் குறைச்சாரு, நானா நிறுத்தல. அப்படி நானா நிறுத்துறதெல்லாம் தப்பு.

எங்க வீட்டு ஆம்பளைங்கள்ல அறுபதைப் பாத்தவன் நான் ஒருத்தன்தான். அப்பா அம்பத்திரண்டுல போனாரு. அண்ணன் அம்பத்தாறு. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்து சாப்பிட உக்காந்தவன், கை கழுவ எந்திரிக்கல. தட்டுல பாதிச் சோறு அப்படியே இருந்துச்சு. நெஞ்சு. எல்லாருக்கும் நெஞ்சுதான். அதனால அம்பது தாண்டுனதுல இருந்து ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பயம். கேக் வெட்டும்போது எல்லாரும் கை தட்டுவாங்க, நான் மனசுக்குள்ள கழிச்சுப் பாப்பேன், அண்ணன் வயசுக்கு இன்னும் எத்தனைன்னு. யாருகிட்டயும் சொன்னதில்ல. பொண்டாட்டிகிட்டகூடச் சொன்னதில்ல. இப்ப உங்ககிட்டச் சொல்லுதேன் பாருங்க.

எனக்குத் துறைமுகத்துல வேலை. கிரேன் ஓட்டினேன், முப்பத்தோரு வருஷம். மேல அந்தக் கூண்டுக்குள்ள ஒத்தைக்கு இருக்கணும். கீழ நிக்கிறவன் மூஞ்சி தெரியாது, தலையில போட்டிருக்க தொப்பியோட நெறம்தான் தெரியும். மத்தியானம் எப்படா இறங்குவோம்னு இருக்கும். இறங்கி வந்தா, எங்க செட்டு ஏழெட்டுப் பேரு என் தூக்குச்சட்டிக்காகக் காத்துக்கிட்டு இருப்பாங்க. புளோரா வைக்கிற சீலாமீன் குழம்பு அப்படி. புளோரா என் வீட்டுக்காரி. அவளும் தெரிஞ்சுதான் குடுத்து விடுவா, எனக்கு ஒரு பங்கு, மத்தவங்களுக்கு ரெண்டு பங்கு. சுடலைமுத்துன்னு ஒருத்தன், என்கூட ஒரே நாள்ல வேலைக்குச் சேந்தவன். அவன் வெறுஞ்சோறு மட்டும் கட்டிட்டு வருவான், குழம்பு எங்கிட்டதான். "மைனி கைக்கு ஒரு தங்க வளையல் போடணும்ல"ன்னு சொல்லிக்கிட்டே சட்டியை வழிச்சிருவான். சாயந்திரம் காலிச் சட்டியைக் கொண்டு வந்து குடுத்தா, புளோரா தொறந்து பாத்துட்டு ஒரு மாதிரி சிரிச்சுக்கிடுவா. கழுவுன மாதிரி இருக்கும் அந்தச் சட்டி.

அம்பத்தெட்டாவது வயசுல, அந்தக் கூண்டுல வச்சுதான் எனக்கும் வந்துச்சு. மரக்கட்டை ஏத்தி வந்த கப்பல். ஒரு கட்டுத் தடி அந்தரத்துல தொங்குது, கீழ ஆளுங்க நிக்காங்க, எனக்கு இடது கை மரத்துப் போச்சு. வேர்வை கண்ணுல ஊத்துது. அந்தக் கட்டைப் பதனமாத் தரையில வச்சுட்டுத்தான் தம்பி நான் ஹாரனை அழுத்தினேன். அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் தெரியாது. சுடலைமுத்துதான் ஏணி ஏறி வந்து என்னை இறக்கினானாம்.

ரெண்டு இடத்துல அடைப்பு. ஸ்டென்ட் வச்சாங்க. டாக்டர் சொன்னாரு, "இதோட சரியாயிட்டுன்னு நெனைச்சிராதீங்க, சாப்பாட்டை மாத்தலைன்னா மறுபடி இங்கதான் வருவீங்க"ன்னு. புளோரா மூணு நாளா வெளிய பெஞ்சுலயே கிடந்திருக்கா, ஜெபமாலையும் கையுமா. உள்ள விட்டதும் என் காலைப் புடிச்சுக்கிட்டு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. "எனக்கு முன்னால போயிராதீங்க." அவ்வளவுதான் சொன்னா. அவ கேட்டதைத்தானே நான் செஞ்சேன்? அதுக்கப்புறம் நான் செஞ்சது எல்லாமே அவ கேட்டதுக்காகத்தானே? நீங்களே சொல்லுங்க.

தென்காசிப் பக்கம் இயற்கை உணவு முகாம் ஒண்ணு நடக்குன்னு சொன்னாங்க, ஏழு நாள். போனேன். அங்கதான் எனக்குக் கண்ணு தொறந்துச்சு. விசயம் ரொம்ப லேசுதான். மண்ணுல வெளைஞ்சது எதுன்னாலும் திங்கலாம், அது வெளைஞ்ச மாதிரியே திங்கணும். முழுத் தானியம், பயறு, கீரை, காய், கனி. மீன் கிடையாது, கறி கிடையாது, முட்டை, பால், நெய் ஒண்ணும் கிடையாது. வெள்ளைச் சீனி, மைதா கிட்டயே வரக்கூடாது. எண்ணெய் ஒரு சொட்டுகூடக் கிடையாது. எள்ளைத் தின்னு, நல்லெண்ணெயை விட்டுரு. அதான் கணக்கு. மொத மூணு நாள் தலைவலி. நாலாவது நாள் காலையில எந்திரிச்சேன் பாருங்க, உடம்பு பஞ்சு மாதிரி இருந்துச்சு. அன்னைக்கு முடிவு பண்ணினேன், இனிமே சாகுற வரைக்கும் இதுதான்னு.

புளோராவைக் குத்தம் சொல்ல முடியாது. பொய் சொல்லக்கூடாது. நான் முகாம்ல இருந்து வந்து சொல்லச் சொல்ல, அவ காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு எழுதிக்கிட்டா. வெங்காயத்தை எண்ணெய் இல்லாமத் தண்ணியத் தெளிச்சுத் தெளிச்சு வதக்கப் படிச்சா. வரகுல புட்டு, சாமையில பொங்கல், கொண்டைக்கடலையை அரைச்சு ஒரு குழம்பு. பொறந்ததுல இருந்து மீனைத் தவிர ஒண்ணும் தெரியாத பொம்பளை. கடைசில சட்டியைத் தூக்கி வச்சுட்டு என் மூஞ்சியவே பாப்பா. "எப்படி இருக்குங்க?"ன்னு கேப்பா. நான் சொல்லுவேன், "உப்பு கூடிட்டு." இல்லைன்னா, "தேங்காய் ஏன் இவ்வளவு போட்டே?" திருத்துனாத்தானே தெரியும்? முகாம்ல எங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. அவ சரின்னு தலையை ஆட்டிட்டு அடுப்பாங்கரைக்குப் போயிருவா.

மொத ஒரு வருஷம் அவ அவளுக்குன்னு தனியா ஆக்கிக்கிட்டா. எனக்கு முன்பக்கம் டேபிள்ல வச்சுட்டு, அவ பின்னால போயி ரெண்டு சாளை மீனைப் பொரிச்சுத் தின்னுக்கிடுவா. ஆனா வாசனை வருதுல்ல? நான் எங்க போக? முப்பது வருஷம் தின்ன நாக்கு. நான் அங்க அவிச்ச பூசணிக்காயை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், வீடு பூரா மீன் மணக்குது. ஒருநாள் சொல்லிட்டேன். "ஏளா, ஒரு வீட்டுல ரெண்டு சமையல் எதுக்கு? நான் திங்கதையே நீயும் தின்னு. உனக்கும் சுகர் எட்டிப் பாக்குது. நான் மட்டும் நல்லா இருந்து, நீ போயிட்டா நான் என்ன செய்யறது?" பாசத்துலதான் சொன்னேன். அவ சரின்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. நான் சரின்னு எடுத்துக்கிட்டேன்.

மறுநாளே வீட்டைச் சுத்தம் பண்ணினேன். எண்ணெய் டின்னு, கருவாடு போட்ட டப்பா, ஊறுகாய் ஜாடி எல்லாத்தையும் அப்புறப்படுத்திட்டேன். மீன் குழம்பு வைக்கிற மண்சட்டி ஒண்ணு இருந்துச்சு. அவ கல்யாணம் ஆகி வந்த வருஷம் வாங்கினது, கருகருன்னு எண்ணெய் ஊறிப் போயி கல்லு மாதிரி இருக்கும். அதை எறிய மனசு வரல. நானும் சும்மா எறியிற ஆளு இல்ல. அடியில நாலு ஓட்டை போட்டு, மண்ணை நிரப்பி, கத்தாழை நட்டு வச்சுட்டேன். நல்லா வந்துச்சு. அவ மாதா கோயிலுக்குப் போயிட்டு வந்து அதைப் பாத்தா.  அப்புறம் ஒரு செம்புல தண்ணி கொண்டு வந்து அதுக்கு ஊத்தினா. நான் நெனச்சேன், பரவாயில்ல, ஏத்துக்கிட்டாளேன்னு.

இந்தா, மதுரை வந்துட்டு. இங்க ஒரு கால் மணி நேரம் நிப்பான். உங்களுக்கு ஒண்ணும் இறங்க வேண்டாமே? சரி, சரி.

எதுல விட்டேன்? ஆங். இந்தச் சாப்பாட்டுல ஒரு விசயம் என்னன்னா, நாக்கும் மூக்கும் அவ்வளவு சுத்தமாயிரும். அடுத்த தெருவுல தாளிச்சா இங்க தெரியும். ஒருநாள் மத்தியானம் புளோரா வெளிய போயிட்டு வாரா. பக்கத்து வீட்டுல சந்தனமாரின்னு ஒரு பொம்பளை, அவளைப் பாக்கப் போனேன்னு சொன்னா. என்னைக் கடந்து போகும்போதே எனக்குத் தெரிஞ்சிட்டு. "இங்க வா. கையைக் காட்டு"ன்னேன்.

அவ கையைப் பின்னால கொண்டு போயிட்டா தம்பி. பள்ளிக்கூடத்துப் புள்ளை மாதிரி. அம்பத்தெட்டு வயசு அவளுக்கு.

"ஒண்ணுமில்லங்க"ங்கா. நான் விடல. "காட்டு"ன்னேன். காட்டினா. சோப்புப் போட்டு நல்லாத்தான் கழுவியிருக்கா, ஆனா நகக்கண்ணுல வாசம் நிக்கும்ல? "சாளைதானே?"ன்னேன். எந்த மீனுன்னுகூடச் சொல்லிட்டேன் பாருங்க, அவ்வளவு துல்லியம். அவ அழுதா. நான் திட்டக்கூட இல்ல. "உன் உடம்புக்குத்தானே சொல்லுதேன், திருட்டுத்தனமா ஏன் திங்கே?"ன்னு நிதானமாத்தான் கேட்டேன். அன்னையில இருந்து அவ சந்தனமாரி வீட்டுக்குப் போறதில்ல. வேற எங்கயும்கூட ரொம்பப் போறதில்ல. நான் திங்கதையே அவளும் தின்னா. எதுத்தாப்புல உக்காந்து, தலையைக் குனிஞ்சுக்கிட்டு, மருந்து முழுங்குத மாதிரி. பேச்சும் கொறைஞ்சு போச்சு. வயசாகுதுல்ல, அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்.

சுடலைமுத்துவும் அந்தச் சமயத்துலதான் வாரதை நிறுத்தினான். ரெண்டு பேரும் ரிட்டயர் ஆனப்புறம் காலையில பீச்சுல நடப்போம். நடந்து முடிச்சா அவனுக்கு டீயும் வடையும் வேணும். நான் அவன் நல்லதுக்குத்தான், அந்த வடை உள்ள போயி என்ன செய்யுதுன்னு ஒவ்வொரு நாளும் சொல்லுவேன். ஒருநாள் வடையைக் கையில வச்சுக்கிட்டே என்னைப் பாத்தான். "கிளமெண்டு, உன்னைக் கூண்டுல இருந்து தோள்ல தூக்கிட்டு வந்தவன் நான். ஒரு வடையை நிம்மதியாத் திங்க விட மாட்டியால?"ன்னான். மறுநாள் அவன் வரல. முழங்கால் வலின்னு கேள்விப்பட்டேன். எடை போட்டா முழங்கால் வலிக்கத்தானே செய்யும்.

ஈஸ்டர் கதையைச் சொல்லணும். அதுலதான் எனக்கு இன்னும் ஆறல.

புளோராவோட தம்பி ரெக்ஸ், குடும்பத்தோட ஈஸ்டருக்கு எங்க வீட்டுக்குத்தான் வருவான். வருசா வருசம் அப்படித்தான். நாப்பது நாள் தவக்காலம் முடிஞ்சு அன்னைக்குத்தான் கறி. அந்த வருசம் புளோரா ரெண்டு நாளா என்னையச் சுத்திச் சுத்தி வந்தா. "ஒரே ஒரு நாளுங்க. பின்னால விறகடுப்புல வச்சு ஆக்கிக்கிடுதேன். உங்களுக்கு வாடையே வராது"ன்னா. நான் பாட்டுக்குப் பயறு ஊறப்போட்டேன். காலையில ரெக்ஸ் வரும்போது கையில ஆட்டுக்கறியோட வந்தான், ரெண்டு கிலோ இருக்கும். வாசல்லயே நிறுத்திட்டேன். "மாப்ளை, வந்தது சந்தோசம், அது மட்டும் உள்ள வரக்கூடாது"ன்னு சொன்னேன். அவன் சிரிச்சான், வெளையாடுதேன்னு நெனச்சிருக்கான். அப்புறம் என் மூஞ்சியப் பாத்துட்டு, பையைக் கொண்டு போயி பைக்குலயே மாட்டிட்டு வந்தான்.

அன்னைக்கு நானே சமைச்சேன் தம்பி. காலையில நாலு மணிக்கே எந்திரிச்சு. குதிரைவாலிச் சோறு, முருங்கைக்கீரை, பாசிப்பயறு, பீட்ரூட்டு, பலாக்கொட்டை அவிச்சது. ஒன்பது வகை. எல்லாருக்கும் எலை போட்டு நானே பரிமாறினேன். எதெதுல என்ன சத்து இருக்குன்னு விளக்கமாச் சொன்னேன்.  நல்லா இருக்குன்னுகூட ஒருத்தரும் சொல்லல. சாப்பிட்ட பதினைஞ்சு நிமிஷத்துல ரெக்ஸ் எந்திரிச்சான். "அத்தான், வெயில் ஏறுறதுக்குள்ள கிளம்புதோம்"ன்னான். ஈஸ்டர் அன்னைக்கு! சாயந்திரம் வரைக்கும் உக்காந்து சீட்டாடுறவன். அவன் பொண்டாட்டி புளோராவைக் கட்டிப் புடிச்சுக்கிட்டுப் போனா.

அவங்க போனப்புறம் புளோரா எலையெல்லாம் எடுத்தா. நான்தான் கேட்டேன், "என்ன, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"ன்னு. அவ எலையை மடிச்சுக்கிட்டே சொன்னா. "இந்த வீட்டுக்கு இனிமே யாரும் பசியோட வர மாட்டாங்க." கோவமாகூடச் சொல்லல. மழை வராதுன்னு சொல்லுத மாதிரி சொன்னா. எனக்கு அது புரியல. பசியோட வந்தா நான் போட மாட்டேனா? ஒன்பது வகை வச்சேனே?

அதுக்கடுத்து ஆறே மாசத்துல ஜெனிட்டாவுக்கு ரெண்டாவது பிரசவம். என் மக. அவளுக்கு மூத்தது ஒரு பொண்ணு, அனிலா. பிரசவத்துக்குத் தூத்துக்குடிக்குத்தானே வரணும் முறைப்படி? மூத்தவளுக்கு வந்தா. ரெண்டாவதுக்கு வரல. "டாக்டர் அலைய வேண்டாம்னு சொல்லிட்டாங்கப்பா, அம்மாவை அனுப்பி வையுங்க"ன்னா. சரி, புள்ளை பெத்தவளுக்குக் குடுக்கிற சூப்பும் கருவாடும் எங்கிட்ட ஆகாதுன்னு அவளுக்கும் தெரியும்ல, பக்குவமா நடந்துக்கிட்டா. புளோரா மூணு மாசத்துக்குன்னு போனா. பெரிய பெட்டிதான் எடுத்துட்டுப் போனா. குளிருக்குன்னு நெனச்சேன். திருச்சியில என்ன குளிரு.

ஒரு வருசமும் எட்டு மாசமும் ஆகுது.

ஒரு ஆளுக்குச் சமைக்கிறது ரொம்ப லேசு தம்பி. எல்லாம் குக்கர்ல ஒரே தடவை. நாலரைக்கு எந்திரிக்கேன், நடக்கேன், கொய்யாவோ பப்பாளியோ ஒரு தட்டு. பதினொண்ணுக்கு முளைகட்டின பயறு. ஒரு மணிக்குச் சோறு. ஆறு மணிக்குள்ள ராத்திரி சாப்பாடே முடிஞ்சுரும். அப்புறம் படுக்கிற வரைக்கும் ஒண்ணும் இல்ல. அதுதான் கொஞ்சம் நீளமா இருக்கும், அந்த நேரம். டி.வி.யைப் போட்டு வைப்பேன், பாக்க மாட்டேன், சத்தத்துக்குத்தான். ஒரு விசயம் மட்டும் இன்னும் சரியா வர மாட்டேங்குது. கொண்டைக்கடலை ஊறப்போட்டா, கை தானா ரெண்டு ஆளுக்குப் போட்டுருது. மறுநாள் மிச்சம். அக்கம்பக்கத்துல குடுத்தேன் மொதல்ல. "வேண்டாம் அண்ணாச்சி"ன்னுட்டாங்க. இப்ப காக்காய்க்கு வைக்கேன்.

போன்ல பேசுவேன், தினமும். "என்ன சாப்பிட்டே?"ன்னு கேப்பேன். புளோரா, "சாப்பிட்டேன்"னு மட்டும் சொல்லுவா. என்னன்னு சொல்ல மாட்டா. "நீங்க சாப்பிட்டீங்களா?"ன்னு கேப்பா. அது ஒரு நாளும் கேக்காம இருந்ததில்ல.

முந்தாநேத்து அனிலாவுக்குப் புதுநன்மை. தெரியும்ல, எங்க கோயில்ல பிள்ளைங்க மொத மொதல்ல நற்கருணை வாங்குத நாளு. வெள்ளை கவுன் போட்டு, தலையில பூமுடி வச்சு, சம்மனசு, அதான் தேவதூதன், அது மாதிரி இருந்தா. பத்து நாளைக்கு முன்னாலயே ஜெனிட்டா போன் பண்ணிட்டா. "அப்பா, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்கள்ல?" "சொல்லும்மா." "அன்னைக்கு பிரியாணி போடுதோம். டெரன்ஸ் வீட்டு ஆளுங்க எல்லாம் வருவாங்க. நீங்க யார் தட்டையும் பாக்காதீங்கப்பா. ப்ளீஸ்." டெரன்ஸ் என் மருமகன், தங்கமான பையன். நான் சிரிச்சுட்டேன். "நான் ஏம்மா பாக்கப் போறேன்? நான் என் வேலையைப் பாத்துக்கிட்டுப் போறேன்"ன்னேன்.

போனேன். நல்ல மரியாதை தம்பி. அதைச் சொல்லணும். எல்லாருக்கும் ஹால்ல பாய் விரிச்சுப் பந்தி, எனக்கு மட்டும் உள் ரூம்ல தனியா டேபிள் போட்டு, பேனைப் போட்டு, வாசனை வராம கதவையும் சாத்தி வச்சிருந்தாங்க. "மாமாவுக்கு இங்கதான் வசதி"ன்னு டெரன்ஸே கூட்டிட்டுப் போயி உக்கார வச்சான். புளோரா தட்டைக் கொண்டு வந்தா. வரகுச் சோறு, அரைக்கீரை, கொண்டைக்கடலைக் குழம்பு. அத்தனை பேருக்கு பிரியாணி வேலை நடக்குது, அதுக்குள்ள எனக்குன்னு தனியா செஞ்சிருக்கா. ஒரு சொட்டு எண்ணெய் இல்ல. உப்பு, நான் சொன்ன அதே அளவு. அவ தண்ணி வச்சுட்டு, "வேற ஏதும் வேணுமா?"ன்னு கேட்டா. "இல்ல, நீ இரு"ன்னேன். "பந்தியில ஆளு இருக்காங்க"ன்னுட்டுப் போயிட்டா. கதவைச் சாத்திட்டுத்தான் போனா.

நான் சாப்பிட்டேன். நல்லா இருந்துச்சு. குழம்பு அவ்வளவு நல்லா இருந்துச்சு. அதை அவகிட்டச் சொல்லணும்னு தோணிச்சு.

வெளிய ஒரே சிரிப்பு. தட்டுச் சத்தம், "இன்னொரு கரண்டி போடுங்க"ங்கிற சத்தம். அதுல ஒரு பொம்பளை சிரிக்கா, அப்படிச் சிரிக்கா, இரைக்க இரைக்க, மூச்சுப் புடிக்க முடியாம. யாரோ டெரன்ஸ் வீட்டு ஆளுன்னு நெனச்சேன். கேட்டுக்கிட்டே ரெண்டு வாய் தின்னேன். அப்புறம்தான் தம்பி எனக்கு உறைச்சுது. அது புளோரா.

எத்தனை வருசமாச்சுன்னு யோசிச்சுப் பாத்தேன். எனக்கு ஞாபகம் வரல.

தட்டைக் கையில எடுத்துக்கிட்டு எந்திரிச்சேன். என்னத்துக்குன்னு எனக்கே தெரியல. அங்க ஒரு ஓரமா உக்காந்து மிச்சத்தைச் சாப்பிடுவோம்னுதான். கதவைத் தொறந்தேன். எல்லாரும் என்னைப் பாத்தாங்க. சத்தம் நின்னு போச்சு. டெரன்ஸ் தட்டு ஓரத்துல இருந்த எலும்பை ஒரு பேப்பரால மெல்ல மூடினான். ரெக்ஸும் வந்திருந்தான், அவன் கையைத் தட்டுல இருந்து எடுத்துட்டு சுவரைப் பாத்தான். அனிலா என் முன்னாலதான் உக்காந்திருந்தா, வெள்ளை கவுன்ல ஒரு துண்டைக் கட்டிக்கிட்டு. "தாத்தா வாராங்க"ன்னு சொல்லிட்டு, ரெண்டு கையையும் விரிச்சுத் தட்டை மூடிக்கிட்டா. எட்டு வயசுப் புள்ளை தம்பி. அன்னைக்குத்தான் நற்கருணையில ஆண்டவரை வாங்கியிருக்கு. என்னைப் பாத்துப் பயந்து தட்டை மூடுது.

நான் யாரையும் ஒண்ணும் சொல்ல வரல. சத்தியமா. "தண்ணி வேணும்"னு சொன்னேன். வாயில அதுதான் வந்துச்சு. புளோரா எந்திரிச்சுத் தண்ணி கொண்டு வந்து குடுத்தா. வாங்கிக்கிட்டு உள்ள போயிட்டேன். கதவை நானே சாத்திக்கிட்டேன். என் டேபிள்ல ஒரு செம்பு தண்ணி அப்படியே இருந்துச்சு, தொடாம. அவளும் அதைப் பாத்திருப்பா, கதவு தொறந்துதானே இருந்துச்சு.

இன்னைக்குக் காலையில கிளம்பும்போது கேட்டேன். "எப்ப வார?" அவ சின்னதுக்குத் தலை சீவிக்கிட்டு இருந்தா. "சின்னவ நடக்கட்டும், வாரேன்"னா. சொல்லும்போதே அந்தப் புள்ளை அவ மடியில இருந்து நழுவி, வாசலுக்கும் அடுப்பாங்கரைக்கும் ஓடுது. நான் அதைப் பாத்தேன். அவளும் பாத்தா.  "சரி, நடக்கட்டும்"னேன்.

குழம்பு நல்லா இருந்துச்சுன்னு சொல்ல நெனச்சேன். ஆட்டோ வந்திட்டு.

என்னால பழையபடி திங்க முடியாது தம்பி. அது எனக்குத் தெரியும். தின்னா அண்ணன் மாதிரி போயிருவேன். பயமா இருக்கு. ஆனா அவங்க திங்கிறதை நான் ஏன் பாத்தேன்? அதைத்தான் இப்ப வரும்போது யோசிச்சுக்கிட்டே வந்தேன். என் தட்டைப் பாத்தாப் போதாதா எனக்கு? இல்ல, இருந்தாலும் அவ சுகரு... சரி, விடுங்க.

என்ன, நின்னுட்டான்? சாப்பாட்டுக்கா? இருபது நிமிஷம்ங்கான். இறங்குங்க தம்பி, நீங்க காலையில இருந்து ஒண்ணும் சாப்பிட்ட மாதிரி தெரியல. நான் எப்பவும் இறங்க மாட்டேன், எங்கிட்ட டப்பா இருக்கு, பஸ்ஸுலயே முடிச்சுக்கிடுவேன். ஆனா இன்னைக்கு நானும் வாரேன். உங்களுக்குத் தொந்தரவு இல்லைன்னா. ஒரே டேபிள்ல எதுத்தாப்புல உக்காந்துக்கிடுதேன், அவ்வளவுதான். நீங்க பரோட்டா வாங்குங்க, ஆம்லேட் வாங்குங்க, சால்னா ஊத்திக்கிடுங்க, உங்களுக்கு எது புடிக்குமோ அதைச் சாப்பிடுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். பாக்கக்கூட மாட்டேன். நீங்க மெதுவாச் சாப்பிடுங்க தம்பி, அவசரமே இல்ல, இருபது நிமிஷம் இருக்கு.